இஸ்திரிப் பெட்டிக்கடியில் கல்யாண ரோஜா

கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு போனவர்களுக்கு மறுநாள் காலை அந்த வீடு என்ன கதியில் இருக்கும் என்று எங்கே தெரியப்போகிறது? லாண்ட்ரிக்காரர் அன்று கண் விழித்ததும் முதலில் பார்த்தது பூவைத்தான். கூடத்தில் பூ. மாடிப்படியில் பூ. பல் தேய்க்கலாம் என்று குளியலறைக்குப் போனால் வாளிக்குள்ளும் பூ.

"வாலு!" என்று ஒரு சத்தம் போட்டார்.

வாலு என்பது அவருடைய இரண்டாவது பெண். படிப்பை முடித்துவிட்டு, கடையையும் அப்பாவையும் சேர்த்து நிர்வாகம் செய்துகொண்டிருப்பவள். ராத்திரியே மண்டபத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மேடையிலும் தூணிலும் கட்டியிருந்த அத்தனை பூவும் குப்பை வண்டிக்குப் போக இருந்தது. வாலுதான் குறுக்கே விழுந்து, சாக்கில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

"இதையெல்லாம் என்னம்மா பண்றது? நாம லாண்ட்ரி வச்சிருக்கோமா, பூக்கடை வச்சிருக்கோமா?"

"லாண்ட்ரி வச்சிருக்கிறதாலதான்ப்பா கொண்டு வந்தேன். துணி காயப்போடற ரூம் நம்மகிட்ட இருக்கு. சூடா, காத்தோட்டமா, வெயில் படாம. பூ காய வைக்க இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்?"

அதுவும் வாஸ்தவம்தான். பேன்ட் மாட்டுகிற கிளிப் ஹேங்கர்களை எடுத்து, அரைகுறையாக மலர்ந்திருந்த ரோஜாக்களைத் தலைகீழாகக் கவ்வ வைத்து, கம்பி நெடுக மாட்டிக்கொண்டே போனாள். வாடாமல் இருந்தவற்றின் காம்பைச் சாய்வாக நறுக்கி, அம்மா வாளித் தண்ணீரில் நிற்க வைத்தாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், தெருக்கோடி ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பதற்கு. உதிர்ந்த இதழ்களை ஒரு பழைய படுக்கை விரிப்பில் பரப்பியாயிற்று. அவை காய்ந்ததும் சின்னத் துணிப் பைகளில் தைத்து, வாடிக்கையாளர்களின் மடித்த துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்று வைக்கலாம் என்பது அம்மாவின் யோசனை.

"சட்டை கேட்டவனுக்கு ரோஜா வாசனை வேறயா? காசு அதிகம் கேக்கப்போறோம்னு பயந்து ஓடிடுவான்" என்றார் லாண்ட்ரிக்காரர்.

கிண்டல்தான். உண்மையில் அவருக்கு அன்று மனசு பஞ்சாக இருந்தது. பெரியவளின் கல்யாணம் முடிந்துவிட்டதே! அந்தக் கல்யாணம் பட்ட பாட்டைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் அறிவார்கள். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவள் பஸ் டிரைவர். இருட்டு பிரிவதற்கு முன்னால் டிப்போவிலிருந்து கிளம்புகிற முதல் வண்டி அவளுடையது. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். "ஊரே தூங்கற நேரத்துல ஸ்டியரிங் பிடிக்கப் போற மருமக எனக்கு வேண்டாம். அந்த முதல் வண்டியை விட்டுட்டு வரச் சொல்லு, பாக்கலாம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். பெரியவள் விடவில்லை. இவரும் இறங்கி வரவில்லை. ஒரு வருடம் இழுத்து, கடைசியில் மகனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

அப்பேர்ப்பட்ட டீச்சரம்மா நேற்று விறுவிறுவென்று மேடையேறி, ஒரு சிவப்பு ரோஜாக் கொத்தைப் பெரியவள் கையில் கொடுத்தார். "என் மாடிச் செடியில பூத்தது. உனக்குன்னு பறிச்சேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

டீச்சரம்மாவின் மாடி ரோஜாச் செடிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெற்ற மகனைக்கூட அவர் அந்தத் தொட்டிகளின் பக்கம் அண்ட விட்டதில்லை. பெரியவள் மேடையிலேயே பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது கொத்தை அப்பாவிடம் கொடுத்து, "அப்பா, இதை இதழ் இதழா அழுத்திக் காய வச்சுக் கொடுங்க. ஃப்ரேம் போட்டு எங்க ரூம்ல மாட்டணும். நாளைக்கு சாயந்திரம் எல்லாரும் வர்றோம். பத்திரம்ப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். ஒரு வருடப் பகைக்குப் பிறகு மாமியார் நீட்டிய முதல் கை அது. அதற்கு ஒரு கெடுதல் வந்தால் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாலு பூ வேலையைத் தானே செய்வதாகத்தான் சொன்னாள். இவர் கேட்டால்தானே?

"நான் பண்றேன். என் பொண்ணு என் கையிலதான் கொடுத்தா."

"சரிப்பா, கேட்டுக்குங்க. இதழைத் தனித்தனியாப் பிரிச்சு, ரெண்டு வெள்ளைப் பேப்பருக்கு நடுவுல வைக்கணும். பெட்டியில சூடு கம்மியா இருக்கணும். லேசா ஒரு அழுத்து, எடுத்துடணும். முக்கியமா, ஈரமே ஆகாது."

"ஏம்மா, எனக்கே இஸ்திரி போடச் சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பெட்டி பிடிச்ச கை இது!"

"அதனாலதான்ப்பா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாலு காய்ச்சல் அறைக்கு... அதாவது துணி காயும் அறைக்கு அந்த வீட்டில் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது, அந்த அறைக்குப் போனாள்.

அம்மா வாளிகளோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தாள். லாண்ட்ரிக்காரர் வீட்டோடு ஒட்டிய கடையில் இஸ்திரி மேசையைத் துடைத்தார். விரிப்பை இழுத்து விட்டார். கொத்தை அவிழ்த்து ஒவ்வொரு பூவாகப் பிரித்தார். பூவின் கழுத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்று ஓடியது. "கல்யாண வேலையில பூவுக்கே கழுத்து சுளுக்கிடுச்சு போல, கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு அதை உருவிப் போட்டார். இதழ்களைப் பேப்பரில் அழகாகப் பரப்பி, மேலே இன்னொரு பேப்பர் போட்டு மூடினார். வலது கையில் பெட்டியை எடுத்தார்.

இடது கை சும்மா இருந்திருக்கக் கூடாதா?

இத்தனை வருடப் பழக்கம். மேசையில் எதைப் பரப்பினாலும் அந்தக் கை தானாகப் போய்த் தண்ணீர் ஸ்பிரே பாட்டிலை எடுக்கும். எடுத்தது. நாலாபுறமும் சரசரவென்று அடித்தது. வலது கை பெட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தது. குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. கீரை வேகிற வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் லாண்ட்ரிக்காரருக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே உறைத்தது.

பேப்பரைத் தூக்கினார். சிவப்பு இல்லை. பழுப்பும் கறுப்புமாக, அவிந்து, பேப்பரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன டீச்சரம்மாவின் ரோஜாக்கள்.

"ஐயையோ!"

வாலு ஓடி வந்தாள். மேசையைப் பார்த்தாள். அப்பாவின் இடது கையைப் பார்த்தாள். பாட்டில் இன்னும் அதில்தான் இருந்தது.

"அப்பா..."

"கை போயிடுச்சும்மா. சத்தியமா நான் அடிக்கல, கையே அடிச்சிடுச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டலாம் என்று வாயைத் திறந்தவளுக்கு, அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. பெரிய பெரிய கல்யாணப் பட்டுகளைத் தைரியமாக வாங்கி இஸ்திரி போடுகிற மனிதர், பரீட்சையில் தோற்ற பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"பெரியவ வாழ்க்கையை ஆரம்பிக்கறதுக்குள்ள நான் தண்ணி தெளிச்சிட்டேனே. அந்தம்மா என்ன சொல்லும்? 'என் பூவையே காப்பாத்தத் தெரியாத வீடு'ன்னு சொல்லாதா? நம்ம பொண்ணைத்தானே குத்திக் காட்டும்?"

பிறகு லாண்ட்ரிக்காரரின் பார்வை மெல்ல மூலையிலிருந்த சாக்குப் பக்கம் போனது.

"வாலு, மண்டபத்துப் பூவிலயும் சிவப்பு ரோஜா இருந்துச்சு இல்ல?"

"வேண்டாம்ப்பா."

"ஒரே மாதிரிதான் இருக்கு பாரேன்."

"அவங்க அந்தச் செடியைப் பிள்ளை மாதிரி வளர்க்கறாங்க. தன் பூ எது, ஊரான் பூ எதுன்னு தெரியாதா? அதுவும் கணக்கு டீச்சர்!"

"இதழ் இதழாப் பிரிச்சிட்டா எப்படித் தெரியும்?"

வாலுவுக்கு இஷ்டமில்லை. ஆனால் அக்கா சாயந்திரம் வந்து நின்று, "பூ எங்கப்பா?" என்று கேட்கிற காட்சி மனசுக்குள் ஓடியது. சாக்கை அவிழ்த்தாள். தூணில் கட்டியிருந்த சிவப்பு ரோஜாக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றின் கழுத்துக்குள்ளும் அதே மாதிரி மெல்லிய கம்பி ஓடியது. இந்த முறை வாலு ஸ்பிரே பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். போதாதென்று அப்பாவின் இடது கையையும் தானே பிடித்துக்கொண்டாள். பெட்டி லேசாக இறங்கி, லேசாக எழுந்தது. இதழ்கள் நிறம் மாறாமல், மொறமொறவென்று தட்டையாக வந்தன. அவிந்துபோனவற்றைத் தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை. ஒரு டவலில் சுற்றி மேசைக்கடியில் வைத்தார்.

சாயந்திரம்தானே வருவார்கள் என்று மூச்சு விட்டால், மத்தியானமே வாசலில் நிழல் விழுந்தது. கையில் குடையோடு டீச்சரம்மா. தனியாக.

"வாங்க, வாங்க சம்பந்தியம்மா! என்ன இந்த வெயில்ல?" லாண்ட்ரிக்காரரின் குரல் ஒரு சுதி தூக்கலாகவே வந்தது.

"அவங்க ரெண்டு பேரும் பின்னாலதான் வர்றாங்க. நான் பஸ்ல வந்துட்டேன். அந்தப் பூ... அந்தப் பூவை என்ன பண்ணீங்க?"

உட்காரக்கூட இல்லை. வந்ததும் பூவைத்தான் கேட்டார். நெற்றியில் வேர்வை. வாலு மேசைக்கடியில் இருந்த டவலைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அதனால் அவள்தான் ரொம்பப் பெருமையாக, "பாருங்க டீச்சரம்மா, எவ்வளவு அழகா அழுத்தி வச்சிருக்கார்! வாடவே இல்லை" என்று பேப்பரைக் கொண்டு வந்து நீட்டினாள்.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு இதழை விரல் நுனியில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். லாண்ட்ரிக்காரர் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார் டீச்சரம்மா. "என் பூதான். இந்தச் சிவப்பு வேற எந்தச் செடியிலயும் வராது. ஆயிரம் பூவுக்கு நடுவுல போட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள். லாண்ட்ரிக்காரருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டுமா இல்லையா? வரவில்லை.

"இதை நானே எடுத்துட்டுப் போறேன் சம்பந்தி. ஃப்ரேம் போடறது, மாட்டறது எல்லாம் நான் பாத்துக்கறேன். காம்பு, கம்பி ஏதாவது மிச்சம் இருந்தாலும் கொடுத்துடுங்க. யாரும் இதை இனிமே கையில எடுத்துப் பாக்க வேண்டாம்." பேப்பரை அவசர அவசரமாக மடித்துப் பையில் வைக்கப் போனார்.

மண்டபத் தூணில் கட்டிய பூவை மருமகள் அறையில் மாட்டி, ஆயுசு முழுக்க அதையே இந்தம்மா ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார். மகள் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் தானும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அதை நினைத்ததும் லாண்ட்ரிக்காரர் ஒளித்து வைத்திருந்த இடது கையை முன்னால் கொண்டுவந்தார்.

"சம்பந்தியம்மா, அது உங்க பூ இல்லை" என்றார்.

"என்னங்க உளர்றீங்க?" என்றாள் அம்மா.

"உளறல. உங்க பூ அவிஞ்சு போச்சு. தண்ணி தெளிச்சுத் தேய்ச்சிட்டேன். பழக்க தோஷம். மண்டபத்துப் பூவை வச்சு உங்களை ஏமாத்தப் பாத்தேன். தப்பு என் மேலதான். என்னை என்ன வேணா சொல்லுங்க, பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க." டவலை எடுத்து மேசை மேல் பிரித்து வைத்தார்.

டீச்சரம்மா அவிந்த பூவைப் பார்த்தார். கையிலிருந்த பூவைப் பார்த்தார். பக்கத்திலிருந்த துணி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறார் என்று அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... அப்போ நான் எதைப் பாத்து என் பூன்னு சொன்னேன்?"

"மண்டபத்து வாசல் தூண்ல கட்டியிருந்த பூ" என்றாள் வாலு.

"தூண்ல கட்டினதா!" மறுபடியும் சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தி, நீங்க அவிச்சதும் என் செடிப் பூ இல்லை. கடையில வாங்கினது."

லாண்ட்ரிக்காரர் பேப்பரையும் டவலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, பறிக்கலாம்னு மாடிக்குப் போனேன். ஒரு மொட்டு இல்லை. யாரோ கத்தரியால வெட்டின மாதிரி எல்லாக் காம்பும் மொட்டையா நிக்குது. அவளுக்குக் கொடுக்கணும்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். வாயால 'மன்னிச்சுக்கோ'ன்னு சொல்ல எனக்கு வராது. பூவாவது சொல்லட்டும்னு பாத்தா, அதுவும் இல்லை. விடியறதுக்குள்ள மார்க்கெட்டுக்கு ஓடி வாங்கிட்டு வந்தேன். என் செடிப் பூன்னு வாய் கூசாம சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. நேத்திலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. கடைப் பூவுக்குத்தானே கம்பி கோப்பாங்க, அதைப் பாத்து யாராவது கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு, வாங்கிட்டுப் போயிடலாம்னுதான் ஓடி வந்தேன். அவளுக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"எனக்குத் தெரியும் அத்தை."

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"நேத்து நீங்க மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். என் லீவுல முதல் வண்டியை ஓட்டறவர் வாழ்த்த வந்தப்போ சொன்னார். 'உன் மாமியார் என் வண்டியிலதான் வந்தாங்க. பூ மார்க்கெட் வந்தா சொல்லுங்கன்னு ஸ்டாப்புக்கு ஸ்டாப் கேட்டுக்கிட்டே வந்தாங்க'ன்னு." அவள் உள்ளே வந்தாள். "செடியில பூத்ததைப் பறிச்சுக் கொடுக்கறது சுலபம் அத்தை. எனக்காக இருட்டுல எழுந்து, அந்த வண்டியில ஏறி, தேடி வாங்கிட்டு வந்தீங்களே. அதுக்குத்தான் அழுதேன்."

டீச்சரம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நேரத்துல அவ்வளவு கூட்டம் இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. நர்ஸுங்க, மூட்டை தூக்கறவங்க, பெருக்கற பொம்பளைங்க. நிக்க இடம் இல்லை. ஊரே தூங்குதுன்னு நான்தான் நினைச்சுட்டு இருந்தேன்" என்றார். பிறகு, கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்பதைப் போலக் கேட்டார்: "லீவு முடிஞ்சு என்னைக்கு வேலைக்குப் போறே?"

"திங்கக்கிழமை அத்தை."

"எழுப்பி விடறேன். வெறும் வயித்தோட வண்டி எடுக்காதே. டீ போட்டு வைக்கறேன், குடிச்சிட்டுப் போ."

ஒரு வருடம் ஆகியிருந்தது இந்த வார்த்தைக்கு. லாண்ட்ரிக்காரர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சட்டையை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தார். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு. அம்மா வெளிப்படையாகவே அழுதாள். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது.

"சரி, இப்போ எந்தப் பூவை ஃப்ரேம் போடறது?" என்றாள் வாலு. "தூண் பூ ஜோரா இருக்கு."

"அதைத் துணிப் பையில தைச்சுடு" என்ற பெரியவள், டவலிலிருந்த பழுப்பு இதழ்களைக் கிழியாமல் மெல்ல எடுத்து வெள்ளைப் பேப்பரில் வைத்தாள். "எனக்கு இதுதான் வேணும். அத்தை வாங்கினது, அப்பா அவிச்சது. ரெண்டு பேரும் இதுலதான் இருக்கீங்க."

"யாராவது இது என்னன்னு கேட்டா?" என்று சங்கடத்தோடு கேட்டார் லாண்ட்ரிக்காரர்.

"எங்கப்பா இஸ்திரி போட்ட ரோஜான்னு சொல்வேன்."

கடை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் வண்டியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை உள்ளே வந்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் பொதுவாகச் சிரித்து வைத்தார். அம்மா அவர் கையில் டீயைக் கொடுத்தாள்.

டீச்சரம்மா ஏதோ ஞாபகம் வந்தவராக மகனைப் பார்த்தார். "டேய், நம்ம மாடிச் சாவி கல்யாணத்துக்கு முந்தின நாள் பகல்ல உன்கிட்டதானே இருந்துச்சு?"

"சாவியா? இருந்துச்சு... ஆனா நான் எந்த மொட்டையும் தொடவே இல்லைம்மா!" என்றார் மாப்பிள்ளை, டீ கிளாஸை அவசரமாகக் கீழே வைத்து.

வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"மொட்டைப் பத்தி உங்ககிட்ட யாரு மாமா கேட்டா?"